வினைமுதல் யார்? உள்ளூர்த் தொலைக்காட்சியின் இணையவழி நேரலை குறித்து ஓர் ஆய்வு

தொலைக்காட்சி நிலையம் ஒன்று தன் கோபுரத்தினின்றும் வானில் விடுக்கும் அலைகள் ஒரு குறித்த எல்லைக்கு உட்பட்ட ஊர்களை எய்தி ஓய்கின்றன. அவ்வெல்லைக்குள் வாழ்வார் எவராயினும், கூரைமேல் ஆன்டெனா ஒன்றை நிறுத்தி, கட்டணம் ஏதுமின்றி அந்நிலையத்தின் நிகழ்ச்சிகளைக் காணலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொலைக்காட்சி தோன்றிய நாள்தொட்டு இன்றளவும் இவ்வுரிமை நிலைத்துள்ளது. உள்ளூர்ச் செய்தி, புயல் எச்சரிக்கை, நகராட்சித் தேர்தலின் முடிவு, அவ்வூர்க் குழுவின் விளையாட்டு ஆகிய இவை மக்களை எய்தும் வழியும் பெரும்பாலும் இதுவே. அதே நிகழ்ச்சியை, அதே ஊரில் வாழும் அதே மனிதர், அதே நேரத்தில் இணையத்தின் வழியே காண விழைவாராயின் வழக்கு எழுகின்றது. அஃது ஏன் எழுகின்றது என்பதனையும், அவ்வழக்குகளின் முடிவுகளால் உள்ளூர் நேரலையின் வருங்காலம் எவ்வாறு அமையக்கூடும் என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பொறியியலார்க்கும் வழக்கறிஞர்க்கும் உரிய பொருளன்றோ, இதன்கண் தமிழாராய்ச்சியாளர்க்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். பொறியியற் சிக்கல் தீர்ந்து பல ஆண்டுகள் ஆயின. ஒரு நகரின் ஒளிபரப்பை அந்நகரத்தார் அனைவருடைய கைப்பேசிக்கும் சில நொடி இடைவெளியில் அனுப்புதல் இன்று அரிய செயல் அன்று. எஞ்சி நிற்பது சொற்சிக்கல் ஒன்றே. ‘நிகழ்த்துதல்’ என்னும் வினைக்கு எழுவாய் யாவர்? ‘பொதுமக்கள்’ என்பதன் எல்லை யாது? ‘பேணி நடத்துதல்’ என்பதனுள் ‘விரித்தல்’ அடங்குமோ? கோடிக்கணக்கான டாலர் முதலீடும், பல நூறு ஊர்களின் செய்தித்தொண்டும் இச்சிறு வினாக்களின்மேல் நின்றன. வேற்றுமையியலும் உரைமரபும் பயின்றார்க்கு இவ்வழக்குகள் பழகிய ஊரின் தெருக்கள் போலத் தோன்றும்.

முதற்கண் வரலாறு சிறிது அறிதல் வேண்டும். 1948-ஐ ஒட்டிப் பென்சில்வேனியா மாநிலத்து மலையூராகிய மகனாய் நகரில் மின்பொருள் வணிகர் ஜான் வால்சன் என்பார், மலை மறைத்தலால் தம் ஊரில் தொலைக்காட்சிப் பெட்டிகள் விலைபோகாமை கண்டு, மலையுச்சியில் ஆன்டெனா நிறுத்தி அங்கிருந்து கம்பி இழுத்து ஊர்க்குள் கொணர்ந்தார் என்பர். ஏறத்தாழ அக்காலத்திலேயே ஆரிகன் மாநிலத்து அஸ்டோரியாவிலும் இத்தகைய முயற்சி நடந்தது. கேபிள் தொலைக்காட்சியின் தோற்றம் இதுவே. யார் முந்தினர் என்னும் பூசல் நமக்கு வேண்டா. பெட்டி விற்பதற்காகக் கம்பி இழுக்கப்பட்டது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

கம்பி பரவியது, வழக்கும் பரவியது. நிலையத்தார் வானில் விடுத்த படைப்பைக் கேபிள்காரர் வாங்கி வீடுதோறும் சேர்த்துக் கட்டணம் பெறுதல் அப்படைப்பை ‘நிகழ்த்துதல்’ ஆகுமோ என்பது வினா. 1968-இல் ‘பார்ட்னைட்லி’ வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆகாது என்றது. ஒளிபரப்புவோர் நிகழ்த்துவர், காண்போர் நிகழ்த்தார். கேபிள்காரர் காண்போனுக்கு உயர்ந்ததோர் ஆன்டெனா தருவோரே ஆதலின் காண்போர் பக்கத்தைச் சார்ந்தவர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. தொலைவூர் நிலையத்தின் அலையைக் கொணர்ந்தாலும் அஃதே விதி என 1974-இல் ‘டெலிபிராம்டர்’ வழக்கு அதனை நீட்டியது. சட்டமன்றம் இதனை ஏற்கவில்லை. 1976-இன் பதிப்புரிமைச் சட்டம், எக்கருவியாலாயினும் எம்முறையாலாயினும், ஓரிடத்தில் இருப்பார்க்காயினும் வேறுவேறு இடங்களில் இருப்பார்க்காயினும், ஒருங்கேயாயினும் வேறுவேறு காலத்தாயினும் பொதுமக்களுக்கு விடுத்தல் பொதுநிகழ்த்துதலே என வரையறுத்தது. கேபிள்காரர்க்குத் தடை விதியாது, உரிமையாளர் தனித்தனியே இசைய வேண்டாமலே கணக்கிட்டபடி தொகை செலுத்தி விடுக்கும் கட்டாய உரிமத்தையும் அதுவே வழங்கிற்று. பின்னர் 1992-இன் கேபிள் சட்டம் நிலையத்தார்க்கு இருவழி அமைத்தது. கேபிள்காரர் தம்மை ஏற்றியே தீரவேண்டும் என வற்புறுத்தலாம். அன்றி, இசைவு தருதற்கு விலை கேட்கலாம். இவ்விரண்டாம் வழியால் வரும் தொகை இன்று உள்ளூர் நிலையங்களின் வருவாயில் பெரும்பகுதி ஆயிற்று. பின்வரும் பூசல்களின் வேர் இத்தொகையே.

இனி, இணையத்திற்கு வருவோம். போபாலிற் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்திய சேட் கனோஜியா என்பார் நிறுவிய ‘ஏரியோ’ என்னும் நிறுவனம் 2012 மார்ச்சில் நியூயார்க் நகரில் தன் பணியைத் தொடங்கிற்று. அதன் அமைப்பு விந்தையானது. பத்துச் சென்ட் நாணயம் அளவினவான ஆன்டெனாக்கள் பல்லாயிரம் ஒரு கட்டடத்தில் நிரல்பட நிறுத்தப்பட்டன. சந்தாதாரர் ஒருவர் ஒரு நிகழ்ச்சியைத் தெரிந்து கைப்பேசியில் தொட்டவுடன், அவர்க்கென ஓர் ஆன்டெனா ஒதுக்கப்படும். அஃது அந்நிலையத்தின் அலையைப் பற்றும். பற்றியது அவர்க்குரிய தனிப்படியாகப் பதிவாகும். சில நொடி கழித்து அப்படி அவர்க்கு மட்டும் இணையவழி செல்லும். அடுத்த வீட்டார் அதே நிகழ்ச்சியை அதே நேரத்திற் காண்பினும் அவர்க்கு வேறோர் ஆன்டெனா, வேறொரு படி. மாதக் கட்டணம் 8 டாலர் முதல். நிலையத்தார்க்குச் செலுத்திய தொகை யாதும் இல்லை.

ஆயிரவர்க்கு ஓர் ஆன்டெனா போதுமாயிருக்க, ஆயிரம் ஆன்டெனா எதற்கு? பொறியியல் நோக்கில் இதற்கு விடை இல்லை. சட்டத்தின் சொற்களே இவ்வமைப்பை வரைந்தன. ‘கேபிள்விஷன்’ என்னும் நிறுவனம் தொலைவிலிருந்து பதிவுசெய்து தரும் முறை குறித்த வழக்கில், ஒவ்வொரு சந்தாதாரர்க்கும் தனிப்படி இருப்பின் அப்படியை அவர்க்கு விடுத்தல் பொதுமக்களுக்கு விடுத்தல் ஆகாது என இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு மன்றம் 2008-இல் கூறியிருந்தது. ஏரியோ அத்தீர்ப்பை இலக்கணமாகக் கொண்டு தன் கருவியை இலக்கியமாகச் செய்தது எனலாம். அம்மேல்முறையீட்டு மன்றமே 2013 ஏப்ரலில் ஏரியோவின் பக்கம் நின்றது. ஆங்கு மாறுபட்ட நடுவர் டென்னி சின், இவ்வமைப்பு சட்டத்தினின்று நழுவுதற்கென்றே புனையப்பட்டது எனக் கடிந்துரைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2014 ஜூன் 25-ஆம் நாள் அறுவர் ஒருபாலும் மூவர் ஒருபாலுமாக அம்மன்றம் ஏரியோவிற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

பெரும்பான்மையோர்க்காக எழுதிய நடுவர் பிரையர் கூறியதன் சாரம் வருமாறு. 1976-இல் சட்டமன்றம் கேபிள்காரரைச் சட்டத்திற்கு உட்படுத்தவே வரையறையை விரித்தது. ஏரியோ கேபிள்காரரைப் பெரிதும் ஒத்தது. சந்தாதாரர் தொட்ட பின்னரே கருவி இயங்கும் என்பது ஒரு வேறுபாடே; ஆயினும் இத்துணை ஒப்புமையின்முன் அவ்வேறுபாடு நிலைபெறாது. ஆகவே ஏரியோ நிகழ்த்துகின்றது, பொதுமக்களுக்கே நிகழ்த்துகின்றது. மறுத்துரைத்த நடுவர் ஸ்கலியாவோ, வினைமுதலைத் தேடினார். படியெடுக்கும் கருவியைக் கடையில் வைத்திருப்போன், வாடிக்கையாளன் எடுக்கும் படிக்கு நேரே பொறுப்பாளன் ஆகான். எதனை எடுப்பது என்று தெரிந்தவனே எடுத்தவன். அதுபோல் நிகழ்ச்சியைத் தெரிந்து அழைத்தவர் சந்தாதாரர் ஆதலின், நிகழ்த்துதல் உண்டெனின் அதன் வினைமுதல் அவரே என்றார். ஏரியோ செய்வது செய்யத்தகாதது என்னும் எண்ணம் தமக்கும் உண்டு என்றும், சட்டத்தில் ஓட்டை இருப்பின் அதனை அடைத்தல் சட்டமன்றத்தின் கடன் என்றும் அவர் சேர்த்துரைத்தமை போற்றத்தக்கது.

இவ்விரு கூற்றையும் நம் இலக்கணக் கண்கொண்டு நோக்குதல் பயனுடைத்து. நன்னூல் உரைகாரர் மூன்றாம் வேற்றுமைப் பொருளாகிய கருவியை முதற்கருவி, துணைக்கருவி எனவும், கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா எனவும் பகுத்துரைப்பர். மண்ணினால் குடம் வனைந்தான் என்புழி மண் முதற்கருவி. திரிகையால் வனைந்தான் என்புழித் திரிகை துணைக்கருவி. கோயில் அரசனால் ஆயிற்று எனினும் தச்சனால் ஆயிற்று எனினும் வழக்கே. முன்னவன் ஏவினான், பின்னவன் இயற்றினான். ஏரியோ வழக்கில் வானலை மண் போன்றது, ஆன்டெனா திரிகை போன்றது, சந்தாதாரர் ஏவுதற்கருத்தா. இவற்றில் ஐயம் இல்லை. ஏரியோ நிறுவனம் இயற்றுதற்கருத்தாவோ, அன்றித் திரிகையை வாடகைக்கு விடுத்தவனோ என்பதே வழக்கு. ஸ்கலியா, திரிகை வாடகைக்காரன் என்றார். பிரையர், தச்சன் என்றார். அதற்கு அவர் காட்டிய காரணம் தச்சனுடைய தொழிலை இவனிடத்துக் கண்டமை அன்று, முன்னர்த் தச்சன் எனப்பட்டானை இவன் ஒத்திருத்தலே. நம் உரைகாரர் இதனை ஒன்றற்குரிய விதியைப் பிறிதொன்றன்மேல் மாட்டெறிதல் என்பர்.

சொல்லிலக்கணத்தான் நோக்கின் சிறுபான்மையோர் கூற்றே வலியுடைத்து என்பது எம் கருத்து. நூல்செய்தான் உள்ளக்கிடை நோக்கின் பெரும்பான்மையோர்க்கும் இடம் உண்டு. ஆயின், மாட்டெறிவோர் அதனை முற்றும் செய்தல் வேண்டும். ஒருபாதி எறிந்து மறுபாதி விடுத்தல் தகாது. தீர்ப்பிற்குப் பின் நிகழ்ந்தது அதுவே. கேபிளை ஒத்தவர் எனின் கேபிள்காரர்க்குள்ள கட்டாய உரிமத்தை எமக்கும் தருக என ஏரியோ கேட்டது. இணையவழி விடுப்போர் அவ்வுரிமத்திற்குரிய ‘கேபிள் அமைப்பு’ ஆகார் என 2012-இலேயே ‘ஐவிஐ’ வழக்கில் இரண்டாம் வட்ட மன்றம் கூறியிருந்தது. பதிப்புரிமை அலுவலகமும் 2014 ஜூலையில் அதனையே கூறி மறுத்தது. ஏரியோ அவ்வாண்டு நவம்பரில் நொடிப்புக் காப்பு வேண்டி நீதிமன்றம் புகுந்தது. 2017-இல் ஒன்பதாம் வட்ட மன்றமும் வேறொரு நிறுவனத்தின் வழக்கில் இவ்வுரிமத்தை மறுத்தது. ஆக, இணையவழி விடுப்போன் கடமைக்குக் கேபிள்காரன். உரிமைக்குக் கேபிள்காரன் அல்லன். நம் பழைய உரைகாரருள் இத்தகைய முரணை ஒருவர் விட்டுச்சென்றிருப்பின் அடுத்துவந்தார் அதனைத் தாக்காது விட்டிரார்.

இரண்டாம் முயற்சி வேறுவகைத்து. அதே பதிப்புரிமைச் சட்டத்தில், வணிகப் பயன் கருதாத அமைப்பு ஒன்று ஒளிபரப்பை மறுபடி விடுத்தல் குற்றம் ஆகாது என்றும், அதனைப் பேணவும் நடத்தவும் ஆகும் உண்மையான, தகுதியான செலவை ஈடுசெய்தற்கு வேண்டுமளவே கட்டணம் பெறலாம் என்றும் ஒரு விலக்கு உண்டு. மலைமறைவூர்களில் ஊரார் கூடி அலைபெருக்கிகளை நிறுவிக்கொண்ட வழக்கம் அதன் பின்னணி. வழக்கறிஞர் டேவிட் குட்பிரண்டு தோற்றுவித்த ‘லோக்காஸ்ட்’ என்னும் பணி இவ்விலக்கைப் பற்றிக்கொண்டு 2018 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கிற்று. காண்பது இலவசம்; ஆயின், நன்கொடை வேண்டி நிகழ்ச்சி அவ்வப்போது இடைமறிக்கப்படும்; மாதம் 5 டாலர் தந்தார்க்கு அவ்விடையீடு இல்லை. மூன்றரை ஆண்டில் அது முப்பதிற்கு மேற்பட்ட நகர்ப்பகுதிகளுக்குப் பரவிற்று. 2019-இல் நான்கு பெரிய வலையமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. 2021 ஆகஸ்டு 31-ஆம் நாள் நடுவர் லூயி ஸ்டான்டன் தீர்ப்பளித்தார். காண்போர் தந்த பணம் பழைய ஊர்களின் செலவிற்கு மேலாகத் திரண்டு, புதிய ஊர்களுக்குப் பணியை விரிக்கச் செலவாயிற்று. சட்டம் ‘பேணுதல்’, ‘நடத்துதல்’ என இரண்டனையே கூறிற்று, ‘விரித்தல்’ கூறிற்றில்லை. ஆகவே விலக்கு இல்லை என்பது அத்தீர்ப்பு. இரு நாளில் லோக்காஸ்ட் ஓய்ந்தது. இங்குச் சொல்லை அதன் எல்லைக்குள் நிறுத்திப் பொருள் கொண்டனர். ஏரியோவிற்கோ எல்லை கடந்து கொண்டனர். எம்முறை கொள்ளினும் தோற்றது இணையமே என்பதனைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்று உள்ளூர் நிலையங்கள் இணையத்தில் இல்லாமல் இல்லை. ‘யூடியூப் டிவி’ போன்ற பணிகள் நிலையத்தாரோடும் வலையமைப்புகளோடும் ஒப்பந்தம் செய்து அவற்றை விடுக்கின்றன. விலைதான் ஏறிவிட்டது. அப்பணி 2017 ஏப்ரலில் மாதம் 35 டாலர்க்குத் தொடங்கி 2025 ஜனவரியில் 82.99 டாலர் ஆயிற்று. விலையினும் பெரிது ஒப்பந்தத்தின் நிலையாமை. 2025 அக்டோபர் இறுதியில் டிஸ்னி நிறுவனத்தோடு பேச்சு முறிந்தமையால் ஏபிசி நிலையங்கள் அப்பணியினின்றும் மறைந்தன. ஏறத்தாழ இருவாரம் கழித்தே மீண்டன. அவ்விடைக்கண்ணே நவம்பர் 4-ஆம் நாள் நியூயார்க் நகரத் தலைவர் தேர்தல் நடந்தது. கூரைமேல் ஆன்டெனா வைத்திருந்தார்க்கு இழப்பில்லை. மாதந்தோறும் பணம் செலுத்தியவர்க்கே தம் ஊர் நிலையம் இல்லையாயிற்று. கேபிள்காரர்க்குரிய கடமைகளும் உரிமைகளும் இத்தகையோர்க்கும் உண்டு என வரையறையைத் திருத்தும் முன்மொழிவைக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. பல்லாண்டுகளாக அதன்மேல் முடிவு எடுக்கப்படவில்லை.

ஐரோப்பாவில் இச்சொல் விரைவில் தீர்க்கப்பட்டது. ‘டிவிகேச்சப்’ வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2013 மார்ச்சில், நிலத்து ஒளிபரப்பை இணையவழி மறுபடி விடுத்தல், காண்போர் அவ்வொளிபரப்பைத் தம் பெட்டியிற் காணும் உரிமை உடையவராயினும், தனியே ஒரு பொதுவெளியீடு ஆகும் என்றது. பிரித்தானியாவில் பின்னர் நிலையத்தாரே முன்வந்தனர். பிபிசியும் பிற பொதுப்பணி நிலையங்களும் கூடி 2024 ஏப்ரலில் ‘பிரீலி’ என்னும் பெயரால் தம் நேரலைகளைக் கட்டணமின்றி இணையத்திற் சேர்த்தன. அங்குத் திரிகையும் தச்சனும் ஒருவரே ஆயினமையின் வழக்கிற்கு இடமில்லை.

இவற்றின் அடியில் ஆழ்ந்த வேறுபாடு ஒன்று கிடக்கின்றது. வானலைக்கு இடம் இயற்கை. மலையும் நிலவளைவும் அதன் எல்லையை வகுக்கும். இணையத்திற்கு இடம் இயற்கையன்று. ஒருவர் எவ்வூரில் உள்ளார் எனக் கருவி கேட்டறிந்து எல்லையைச் செயற்கையாக வகுத்தல் வேண்டும். அமெரிக்காவில் நாடு 210 தொலைக்காட்சிச் சந்தைகளாக வகுக்கப்பட்டுள்ளது. அவ்வகுப்பு விளம்பரக் கணக்கிற்காக ஏற்பட்டது. இணையத்தில் ‘உள்ளூர்’ என்பதன் பொருளை இன்று பெரும்பாலும் அக்கணக்கே உறுதிசெய்கின்றது. 2017 நவம்பரில் இசைவு பெற்ற ‘ஏடிஎஸ்சி 3.0’ என்னும் புதிய ஒளிபரப்பு முறையோ, வானலையிலேயே இணைய நெறிமுறைப்படி தரவுப் பொதிகளை விடுக்கின்றது. இனி, அலை எது இணையம் எது எனப் பிரித்தலும் எளிதன்று. அம்முறையில் சில நிலையங்கள் தம் ஒளிபரப்பிற்குப் பூட்டிட்டு, ஒப்புதல் பெற்ற கருவிகளே திறக்குமாறு செய்துள்ளன. கட்டணமில்லா வானலைக்குப் பூட்டு எதற்கு எனக் காண்போர் முறையிடுகின்றனர்.

நிலையத்தார் பக்கமும் நோக்குதல் வேண்டும். இசைவுத்தொகை முற்றும் நின்றுபோமாயின் உள்ளூர்ச் செய்தியாளர்க்கு ஊதியம் எங்கிருந்து வரும்? இவ்வினாவிற்கு ஏரியோவிடமும் விடை இல்லை, லோக்காஸ்டிடமும் இல்லை. எனினும், ஒளிபரப்பின் எல்லைக்குள் வாழ்வான் ஒருவன் கட்டணமின்றிக் காணும் உரிமை ஆன்டெனாவைப் பற்றியதன்று, அவ்விடத்தைப் பற்றியது என்று கொள்ளுதலே நேரிது. அவ்வாறு கொள்ளின் அவ்வுரிமை அவனோடு இணையத்திற்கும் செல்லும். எல்லை கடந்தார்க்கு விடுப்போரே விலை தரவேண்டுவோர் ஆவர். இதனைத் தீர்ப்பால் அமைத்தல் இயலாது என்பது இரு வழக்குகளாலும் விளங்கிற்று. சட்டமன்றம் 1976-இல் கேபிளுக்குச் செய்ததனை இணையத்திற்கும் செய்தல் வேண்டும்.

நம் மொழியில் இப்பொருள் பற்றிய சொற்கள் அலையை விட்டு அகலாமை சுவையுடைத்து. ‘சேனல்’ என்பதற்கு ‘அலைவரிசை’ என்கின்றோம்; இணையத்து ஓடையில் அலைவரிசை ஒன்றும் இல்லை. கண்ணாடி இழைவழி வருவதனையும் ‘நேரலை’ என்றே வழங்குகின்றோம். ‘ஒளிபரப்பு’ என்பதிலுள்ள ‘பரப்பு’, விதையை வீசித் தெளித்தல் என்னும் பொருளில் ஆங்கிலத்திற் பிறந்த சொல்லோடு நன்கு பொருந்துவது. கேட்டவர்க்குக் கேட்டபொழுது தனியே அனுப்புவதனை அது தழுவுமோ என்பது ஐயம்.

இவ்வையம் இந்திய நீதிமன்றத்திற்கும் வந்தது. 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 31டி என்னும் பிரிவு, ஒலிபரப்பு நிறுவனங்கள் அறிவிப்புக் கொடுத்து, விதித்த தொகை செலுத்தி இசைப்பதிவுகளைப் பரப்ப இடந்தருகின்றது. ‘டிப்ஸ்’ இசை நிறுவனத்திற்கும் ‘விங்க்’ என்னும் இணைய இசைப்பணிக்கும் நடந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், அப்பிரிவு வானொலிக்கும் தொலைக்காட்சிக்குமே உரியது, இணையத்திற்கு உரியதன்று என 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வரையறை கம்பிவழியையும் கம்பியிலா வழியையும் ஒருங்கே தழுவியிருந்தும், துணைவிதிகள் வானொலி, தொலைக்காட்சி என இரண்டனையே எண்ணிச் சென்றமை அதற்கு ஒரு காரணம். 2022-இல் இருநடுவர் ஆயமும் அதனை உறுதி செய்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கேபிள் நிலையங்கள் தம் ஊர்த்திருவிழாவை இன்று யூடியூப் வழியே நேரலையாக விடுக்கும்போது, பந்தலில் ஒலிக்கும் திரைப்பாட்டுக்கு அப்பிரிவின் துணை இல்லையாவது இத்தீர்ப்பின் விளைவு. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட ஒளிபரப்புப் பணிகள் வரைவு மசோதா, ‘ஒளிபரப்பு’ என்பதனுள் இணையத்தையும் அடக்கி வரையறுத்தது. தனியொருவர் இணையத்தில் வெளியிடுவதும் அச்சொல்லுள் அகப்படும் என்னும் எதிர்ப்பு எழவே, புதிய வரைவு வெளியிடப்படும் என 2024 ஆகஸ்டில் அமைச்சகம் அறிவித்தது.